விலை உயர்ந்த சஸ்பென்ஷன்: வார இறுதியில் மட்டும் மலைப்பாதை ஓட்டுபவருக்கு அது தேவையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கமிருந்து சனிக்கிழமை விடியற்காலை சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலிட்டோ அருகே ஹாலா டிரெயில்ஸின் கரும்புக்காட்டுப் பாதைகளுக்குப் போகிறவர்கள் உண்டு. சாட்ஸ்வர்த்திலிருந்து கிபா கோர்ஜுக்கும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நார்த்டேலிலிருந்து கேஸ்கேட்ஸுக்கும் கார்க்லூஃபுக்கும் போகிறவர்கள் உண்டு. யாராக இருந்தாலும் ஓராண்டு ஓட்டிய பிறகு ஒரே கேள்விதான் வருகிறது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தங்க நிறக் குழாய்களோடு மின்னும் அந்த ஃபோர்க்கை (முன்சக்கரத்தைப் பிடித்து, மேடு பள்ளத்தில் அமுங்கி எழும் பாகம்) வாங்கினால் நம் ஓட்டம் மாறுமா? அந்த வகை ஃபோர்க் இங்கே இருபதாயிரம் ராண்டைத் தாண்டிவிடும். பலர் சைக்கிளுக்கே அவ்வளவு கொடுத்திருக்க மாட்டார்கள்.

பதில் இரண்டு பகுதியாக வருகிறது. மலிவான ஸ்பிரிங் ஃபோர்க்கிலிருந்து நடுத்தர ஏர் ஃபோர்க்குக்கு ஏறினால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். முதல் நாளே தெரியும். நடுத்தரத்திலிருந்து உச்சிக்கு ஏறும்போது பெரும்பாலோருக்கு அது தெரிவதில்லை. தெரிந்ததாகச் சொல்பவர்களில் பலர் உணர்வது புது எண்ணெயையும், சேறு புகாமல் தடுக்கும் புது சீல் வளையத்தையும்தான். ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொள்ள ஃபோர்க்கின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் ஒன்று, டேம்பர் ஒன்று

முன்னால் இருக்கும் ஃபோர்க்கானாலும் பின்னால் இருக்கும் ஷாக்கானாலும் உள்ளே இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஸ்பிரிங் உங்கள் எடையைத் தாங்குகிறது. கல்லில் இடித்தால் அமுங்கி, திரும்ப எழுகிறது. அது இரும்புச் சுருளாக இருக்கலாம், அடைத்து வைத்த காற்றாகவும் இருக்கலாம். டேம்பர் அந்த அமுங்கலையும் எழுச்சியையும் மெதுவாக்குகிறது. எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகவும், மெல்லிய எஃகுத் தகடுகளை வளைத்துக்கொண்டும் கடக்க வைத்து, இடியின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது.

டேம்பர் இல்லாத ஸ்பிரிங் வாங்கியதையெல்லாம் அப்படியே திருப்பிக் கொடுக்கும். ஒரு வேரில் இடித்தால் ஒருமுறை அமுங்குவதோடு நில்லாமல் எகிறிக் குதிக்கும். மலிவான சைக்கிள்களில் பெரும்பாலும் வருகிற சன்டூர் எக்ஸ்சிடி, எக்ஸ்சிஎம் போன்ற ஃபோர்க்குகளின் குறை இதுதான். சுருள் ஸ்பிரிங் சராசரி எடையுள்ள ஒருவரைக் கணக்கில் வைத்துப் போடப்பட்டிருக்கும். 55 கிலோ பெண்ணுக்கும் 95 கிலோ ஆணுக்கும் அதே சுருள். எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் குமிழ் பல மாடல்களில் இருக்காது. மேலே இருக்கும் குமிழைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது ஸ்பிரிங்கைக் கொஞ்சம் முன்கூட்டியே அழுத்தி வைக்கும், அல்லது ஃபோர்க்கைப் பூட்டும், அவ்வளவுதான். மேல் குழாய்கள் எஃகு என்பதால், கடலோரக் காற்றில் மேல்பூச்சு சிராய்ந்த இடத்தில் துருப் புள்ளிகள் வரும். துருப் புள்ளி சீலை அரிக்கும். சீல் போனால் உள்ளே சேறு.

இதிலிருந்து ஒரு ஏர் ஃபோர்க்குக்கு ஏறினால் ஒரே நேரத்தில் மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன. உங்கள் எடைக்கேற்பக் காற்றை ஏற்றி இறக்கலாம். ரீபவுண்டை மாற்றலாம். குழாய் தடிப்பாக இருப்பதால் முன்சக்கரம் நீங்கள் காட்டிய திசையிலேயே போகும். ராக்‌ஷாக்ஸின் ரீகன் மாடலில் 32 மில்லிமீட்டர் குழாய், லிரிக் மாடலில் 35. ஃபாக்ஸ் நிறுவனத்தில் மாடல் எண்ணே குழாயின் விட்டம்: 34, 36, 38. சராசரி ஓட்டுநர் சஸ்பென்ஷனுக்காகச் செலவிடும் பணத்தில் முழுப் பலன் தரும் படி இதுதான். இதற்கு மேல் ஒவ்வொரு ஆயிரம் ராண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவாகவே திருப்பித் தரும்.

உச்சியில் என்ன விற்கிறார்கள்

முதலாவது, குமிழ்கள். நடுத்தர ஃபோர்க்கில் ரீபவுண்டும், அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷனுக்கு ஒரு குமிழும் இருக்கும். உச்சி மாடலில் கம்ப்ரெஷன் குறைந்த வேகம், உயர் வேகம் என்று இரண்டாகப் பிரியும். சிலவற்றில் ரீபவுண்டும் அப்படியே. வேகம் என்றால் நீங்கள் ஓட்டும் வேகம் அல்ல, ஃபோர்க் அமுங்கும் வேகம். மெதுவாக ஓட்டிக்கொண்டே ஒரு சதுரக் கல்லில் நேராக மோதினால் அது உயர் வேகம். அசுர வேகத்தில் இறங்கும்போது பிரேக் பிடித்து முன்பக்கம் மெல்லத் தாழ்ந்தால் அது குறைந்த வேகம். கடைகளில் இதைத் தலைகீழாக விளக்குவதை அடிக்கடி கேட்கலாம்.

நான்கு குமிழ்கள், இரண்டில் 8 கிளிக், இரண்டில் 16 கிளிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகள். அவற்றில் பெரும்பாலானவை உங்களுக்குப் பொருந்தாதவை. ஒரு போட்டியாளர் மெக்கானிக்கோடு அதே தடத்தில் நாள் முழுக்க ஏறி இறங்கித் தனக்குரியதைக் கண்டுபிடிப்பார். வாரம் ஒருமுறை ஓட்டுபவர் ஆரம்பத்தில் யூகித்த இடத்திலேயே விட்டுவிடுவார், அல்லது நண்பர் சொன்னபடி திருகுவார். அப்படித் தவறாகத் திருகிய உச்சி ஃபோர்க்கைவிட, சரியாக வைத்த நடுத்தர ஃபோர்க் நன்றாக ஓடும். இதில் சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது, வெப்பத்தைத் தாங்கும் திறன். நீண்ட, கரடுமுரடான இறக்கத்தில் எண்ணெய் சூடாகி நீர்த்துப் போகும். காற்றுக் குமிழிகள் கலந்தால் டேம்பிங் தளரும். நல்ல டேம்பர்கள் எண்ணெயைக் காற்றோடு கலக்க விடாமல் மூடி வைத்திருக்கும்; பின் ஷாக்கில் தனி எண்ணெய்த் தொட்டியும் இருக்கும். ரியூனியன் தீவில் மைடோ உச்சியிலிருந்து கடல் வரை நிற்காமல் இறங்குகிறவர்களுக்கு இது உயிர்நாடி. கிபா கோர்ஜில் சில நிமிடங்கள் இறங்கி, அதைவிடப் பல மடங்கு நேரம் ஏறுகிறவரின் டேம்பர் அவ்வளவு சூடாவதே இல்லை.

மூன்றாவது, உராய்வு. இதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. நல்ல சீல், நல்ல பூச்சு, குழாய் வழுக்கி ஓட நேர்த்தியான புஷ் வளையம் இருந்தால் ஃபோர்க் சின்னச் சின்னச் சரளைக்கே அசையத் தொடங்கும். கை மரத்துப் போகாது. சராசரி ஓட்டுநரும் இதை உணர்வார். ஆனால் பழுது பார்க்காத உச்சி ஃபோர்க்கில் இந்தக் குணம் ஓரிரண்டு மாதத்திலேயே போய்விடும். புதிதாக எண்ணெய் மாற்றிய நடுத்தர ஃபோர்க் அதைத் தாண்டிவிடும்.

நான்காவது எடை, பெரும்பாலும் நூறு இருநூறு கிராம் வித்தியாசம், உங்கள் தண்ணீர்ப் பையில் ஒரு டம்ளர். ஐந்தாவது நிறம். ஃபாக்ஸின் ஃபேக்டரி வரிசையில் வரும் தங்க நிறக் கஷிமா பூச்சு அழகானது, வழுவழுப்பானது. ஆனால் பெரும்பாலான ஆண்டுகளின் மாடல்களில் அதற்கு ஒருபடி கீழுள்ள பெர்ஃபார்மன்ஸ் எலீட்டில் இருக்கும் டேம்பரும் அதேதான். குழாய் மட்டும் கறுப்பு. கறுப்பைத் தேர்ந்தெடுத்தால் ஓட்டத்தில் நீங்கள் இழப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

2013 மலைச் சைக்கிள் உலகச் சாம்பியன்ஷிப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நடந்தபோது, அந்த ஊர்க்காரரான கிரெக் மினார் டவுன்ஹில் (இறக்கப் பந்தயம்) பட்டத்தை அரை நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். விலை உயர்ந்த டேம்பர்கள் உருவாக்கப்படுவது அந்த அரை நொடிக்காகத்தான். அதே மலையில் ஞாயிற்றுக்கிழமை நாம் ஒரு வளைவில் தயங்கி பிரேக் பிடிப்பதிலேயே மூன்று நொடி போய்விடும்.

யாருக்கு உண்மையிலேயே பயன்

எடை கூடியவர்கள் முதலில் வருகிறார்கள். சுமார் 95 கிலோவுக்கு மேல் இருப்பவர் ஃபோர்க்கில் அதிகக் காற்று வைக்க வேண்டும். அதிகக் காற்று என்றால் எழுச்சியும் வேகமாக இருக்கும். மலிவான டேம்பரின் ரீபவுண்டை முழுக்க மூடினாலும் அதைக் கட்டுப்படுத்த முடியாமல் போகலாம். 32 மில்லிமீட்டர் குழாயும் அவருக்கு வளையும். எதிர்ப்பக்கம், 55 கிலோ எடையுள்ளவர்களின் நிலைமை. ஃபோர்க்கில் காற்று குறைவு, எழும் சக்தி குறைவு. ரீபவுண்டை முழுக்கத் திறந்தாலும் ஃபோர்க் சோம்பலாகவே எழும். தொழிற்சாலையில் டேம்பருக்குள் வைத்த தகடுகள் நடுத்தர எடைக்காக அடுக்கப்பட்டவை. இந்த இரு தரப்பினருக்கும் புது ஃபோர்க்கைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு: இருக்கும் டேம்பரின் தகடுகளைத் தங்கள் எடைக்கேற்ப மாற்றி அடுக்கச் சொல்வது. சஸ்பென்ஷன் பணிமனைகள் சர்வீஸோடு சேர்த்தே இதைச் செய்யும்; செலவு புது ஃபோர்க்கில் ஒரு சிறு பங்குதான். டேம்பர் பிரித்து அடுக்கக்கூடிய வகையா என்று மட்டும் முதலில் கேளுங்கள். ஒட்டி மூடிய மலிவான டேம்பர்களில் இது நடக்காது.

ஹிமெவிலில் கிளம்பி ஸ்காட்பர்க் கடற்கரையில் முடியும் மூன்று நாள் சானிடூசி, எட்டு நாள் கேப் எபிக் போன்ற நெடுந்தூரப் போட்டிகளுக்குத் தயாராகிறவர்களும் உராய்வு குறைந்த ஃபோர்க்கின் அருமையை இரண்டாம் நாள் மாலை உணர்வார்கள். வாரம் மூன்று நான்கு முறை கடினமான இறக்கங்களில் ஓட்டுபவர், தன் ஃபோர்க் எந்த இடத்தில் என்ன செய்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் என்றால் அவருக்கும் வாங்கலாம். அதுவே நல்ல சோதனை. "இந்த ஃபோர்க்கில் என்ன குறை?" என்ற கேள்விக்கு, "மேல் பாதி நன்றாக இருக்கிறது, பாறைத் தொடரில் மூன்றாவது இடிக்குப் பிறகு எழ மறுக்கிறது" என்று சொல்ல முடிந்தால் உங்களுக்குத் தேவை இருக்கலாம். "என்னவோ கடினமாக இருக்கிறது" என்றால் தேவை ஒரு ஷாக் பம்ப்.

சரியாக வைப்பது: ஒரு மணி நேர வேலை

ஷாக் பம்ப் என்பது சிறு கைப்பம்ப். சாதாரண டயர் பம்ப்பால் இந்த வேலை நடக்காது. அதன் அளவுமானி இவ்வளவு நுணுக்கமாகக் காட்டாது, பின் ஷாக்குக்கு வேண்டிய அழுத்தத்தையும் எட்டாது. சஸ்பென்ஷனுக்கென்று ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

முதல் வேலை, ஸாக் எனப்படும் அமிழ்வைச் சரிசெய்வது. நீங்கள் ஏறி நின்றதும் ஃபோர்க்கும் ஷாக்கும் எவ்வளவு தாழ்கின்றன என்பதே அமிழ்வு. சக்கரம் மேலே போக மட்டுமல்ல, பள்ளத்தில் கீழே போகவும் இடம் வேண்டும். டிராவல் எனப்படும் முழு அமுங்கல் தூரத்தில் ஃபோர்க்குக்கு 15 முதல் 20 விழுக்காடு, பின் ஷாக்குக்கு 25 முதல் 30 விழுக்காடு என்று தொடங்குங்கள். 140 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் 20 விழுக்காடு என்றால் 28 மில்லிமீட்டர். பின்னால் கணக்கிடும்போது பலர் தடுமாறுவது இங்கேதான்: சக்கரத்தின் டிராவல் 130 மில்லிமீட்டர் என்று சைக்கிள் விளம்பரத்தில் இருக்கும், ஆனால் அளக்க வேண்டியது ஷாக் தண்டின் ஓட்டத்தை. அது 50 மில்லிமீட்டர் என்றால் 30 விழுக்காடு 15 மில்லிமீட்டர்தான்.

ஓட்டும்போது போடும் உடை, ஹெல்மெட், காலணி எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பையை நிரப்பி மாட்டுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ. கம்ப்ரெஷன் குமிழ்களை முழுக்கத் திறந்துவிடுங்கள். ஃபோர்க்கைப் பூட்டியிருந்தால் திறந்துவிடுங்கள். டிரெயில் ஃபோர்க்குகளில் தொடக்க அழுத்தத்துக்கு ஒரு தோராயம்: உங்கள் எடை எத்தனை கிலோவோ அத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு). பின் ஷாக்குக்கு எடையைப் பவுண்டில் எடுத்து அதே எண் பிஎஸ்ஐ. 75 கிலோவுக்குச் சுமார் 165. ஃபோர்க் காலின் பின்புறம் உற்பத்தியாளர் அட்டவணை ஒட்டியிருந்தால் அதையே நம்புங்கள்.

காற்று ஏற்றியதும் பம்ப்பைக் கழற்றி, ஃபோர்க்கை மெதுவாகப் பத்து முறை அமுக்கி விடுங்கள். ஏர் ஸ்பிரிங்கின் உள்ளே மேலறை, கீழறை என்று இரண்டு உண்டு. மேலே ஏற்றிய காற்றில் ஒரு பங்கு கீழே போய்ச் சமமாகும். மீண்டும் பம்ப்பை மாட்டினால் அழுத்தம் குறைந்திருக்கும், திரும்ப ஏற்றுங்கள். இதைச் செய்யாமல் ஓடத் தொடங்கினால் முதல் கிலோமீட்டரிலேயே ஃபோர்க் தாழ்ந்துவிட்டதாகத் தோன்றும்.

பம்ப்பைக் கழற்றும்போது வரும் "புஸ்" சத்தம் ஃபோர்க்கின் காற்று இல்லை, குழாயில் இருந்தது. அதேபோல் மறுநாள் பம்ப்பை மாட்டிப் பார்த்தால் நேற்றைவிடக் குறைவாகக் காட்டும், ஏனென்றால் பம்ப்பின் குழாயை நிரப்பக் கொஞ்சம் காற்று போகிறது. பின் ஷாக்கின் காற்றறை சிறியது என்பதால் அங்கே வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். இதை ஓட்டை என்று நினைத்துக் கடைக்கு ஓடியவர்கள் நிறைய.

இனி ஒருவர் சைக்கிளைப் பிடிக்க, பெடல்களில் எழுந்து நில்லுங்கள். இறக்கத்தில் நிற்பதுபோல் முழங்கை மடித்து, இடுப்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி. உட்கார்ந்து அளந்தால் பின்பக்கம் அதிகமாகவும் முன்பக்கம் குறைவாகவும் காட்டும். குழாயில் இருக்கும் ரப்பர் வளையத்தைச் சீல் வரை நகர்த்திவிட்டு, ஆடாமல் இறங்கி அளவுகோலால் அளங்கள். கூடுதலாகத் தாழ்ந்தால் 5 பிஎஸ்ஐ ஏற்றுங்கள், குறைவாக இருந்தால் இறக்குங்கள்.

அடுத்தது ரீபவுண்ட். குமிழ் பெரும்பாலும் வலது காலின் அடியில், சிவப்பு நிறத்தில் இருக்கும். கடிகார முள் திசையில் திருப்பினால் எழுச்சி மெதுவாகும். முதலில் முழுக்க மூடி, அங்கிருந்து கிளிக்குகளை எண்ணிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். ஹேண்டில்பாரை ஓங்கி அமுக்கிச் சட்டென்று கையை எடுங்கள். முன்சக்கரம் தரையை விட்டுத் துள்ளினால் வேகம் அதிகம். ஒரு கிளிக் மூடுங்கள். இழுத்து இழுத்து எழுந்தால் திறங்கள்.

கேரேஜில் வைத்தது தொடக்கம் மட்டுமே. வேர்களும் கற்களும் அடுத்தடுத்து வரும் இரண்டு நிமிடப் பாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரே குமிழை மட்டும் மாற்றி ஓட்டுங்கள். முதலில் முழுக்கத் திறந்து ஒருமுறை, பிறகு முழுக்க மூடி ஒருமுறை. இரண்டு எல்லைகளும் எப்படி இருக்கும் என்று கை அறிந்துகொண்டால் நடுவில் தேடுவது சுலபம். மிக வேகமான ரீபவுண்டில் சக்கரம் தரையைப் பிடிக்காமல் தாவும். குதித்து இறங்கும்போது பின்பக்கம் உங்களை முன்னால் தள்ளும். மிக மெதுவான ரீபவுண்டில் நேர் எதிரான ஒன்று நடக்கும், அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். முதல் இடியிலிருந்து எழுவதற்குள் இரண்டாவது வந்துவிடும், அதற்குள் மூன்றாவது. ஃபோர்க் தாழ்ந்துகொண்டே போய்க் கடைசியில் மரக்கட்டை ஆகிவிடும். ஓட்டுபவருக்குத் தெரிவது "கடினமாக இருக்கிறது" என்பதுதான். உடனே காற்றைக் குறைப்பார். ஃபோர்க் இன்னும் தாழும், இன்னும் கடினமாகும். அடுத்து அவர் போவது புது ஃபோர்க் வாங்க.

கடைசியில் முழு டிராவலைப் பாருங்கள். உங்கள் வழக்கமான பாதையில் மிக மோசமான ஒரு இடியின்போது ரப்பர் வளையம் கிட்டத்தட்ட மேல்முனை வரை போயிருக்க வேண்டும். அமிழ்வு சரியாக இருந்தும் ஒவ்வொரு ஓட்டத்திலும் பலமுறை அடியில் முட்டினால், காற்றைக் கூட்டாமல் காற்றறைக்குள் ஒரு பிளாஸ்டிக் டோக்கன் சேருங்கள். அது அறையின் கொள்ளளவைக் குறைப்பதால் கடைசிப் பகுதி மட்டும் விறைப்பாகும், தொடக்கம் மென்மையாகவே இருக்கும். வளையம் முக்கால்வாசியைத் தாண்டவே இல்லையென்றால் உள்ளே இருக்கும் டோக்கனில் ஒன்றை எடுங்கள். மூடியைத் திறக்கும் முன் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். மறந்தால் மூடி முகத்தை நோக்கி வரும்.

எல்லா எண்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கடையில் சர்வீஸ் முடிந்து வரும்போது குமிழ்கள் வேறு இடத்தில் இருக்கும்.

மலையும் கடலும், காலையும் மதியமும்

குவாசூலு-நட்டாலில் ஓட்டுபவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். டிராக்கன்ஸ்பெர்க் அடிவாரத்தில் குளிர்காலக் காலை 5 பாகையில் ஃபோர்க்கில் 80 பிஎஸ்ஐ வைத்தால், அதே காற்று 30 பாகையில் சுமார் 88 ஆகிவிடும். அமிழ்வு இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறையும். எனவே ஓட்டப் போகும் வெப்பநிலையில் அழுத்தத்தைப் பாருங்கள். வெயிலில் காருக்குள் கிடந்த சைக்கிளை உடனே அளக்க வேண்டாம்.

உயரம் இதைவிடச் சிறிய விஷயம். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவுமானி இரண்டரை பிஎஸ்ஐ அளவுக்கு அதிகம் காட்டும். தொல்லை தருவது கீழ்க்கால்களில் (மேல் குழாய்கள் உள்ளே ஏறி இறங்கும் ஃபோர்க்கின் வெளிக்கூடு) சிக்கியிருக்கும் காற்று. கடலோரத்தில் மூடிய கால்களை உயரத்துக்குக் கொண்டுபோனால் உள்ளே அழுத்தம் மிஞ்சி ஃபோர்க் கடைசிப் பகுதியில் இறுகும். ஃபாக்ஸ் 36, 38 ஆகியவற்றின் புதிய மாடல்களில் இதற்கென்றே காலின் பின்புறம் சிறு பொத்தான் உண்டு. அமுக்கினால் காற்று போய்விடும். பொத்தான் இல்லாதவற்றில் அடுத்த சர்வீஸ் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

ஐம்பது மணி நேரம்

ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகளின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை திறந்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஆண்டுக்கு ஒருமுறை முழு சர்வீஸ் கேட்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினால் 50 மணி நேரம் ஆறு மாதத்தில் வந்துவிடும். பெரும்பாலோர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைகூடத் திறப்பதில்லை.

கீழ்க்கால்களில் இருக்கும் எண்ணெய் மிகக் கொஞ்சம். அது டேம்பர் எண்ணெய் அல்ல, குழாயையும் புஷ்களையும் வழுக்க வைக்கும் எண்ணெய். டர்பனின் ஈரப்பதத்தில் அது தண்ணீரோடு கலந்து பால்காபி நிறமாகும். ஜோகன்னஸ்பர்க் பக்க ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் குளிர்காலச் செம்புழுதியில் சீலுக்குக் கீழே இருக்கும் பஞ்சு வளையம் காய்ந்து, புழுதி உப்புத்தாள் போல் குழாயின் பூச்சைத் தேய்க்கும். பூச்சு போய்விட்டால் மேல் குழாயும், குழாய்களை மேலே இணைக்கும் கிரீடமும் சேர்ந்த முழு பாகத்தையே மாற்ற வேண்டும். ஃபோர்க் விலையில் பெரும்பங்கு அதுதான்.

வீட்டிலேயே செய்யலாம். காற்றை விடுங்கள், ரீபவுண்ட் குமிழை இழுத்து எடுங்கள், அடியில் இருக்கும் இரு போல்ட்களைச் சில சுற்று மட்டும் தளர்த்தி ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். முழுக்கக் கழற்றிவிட்டுத் தட்டினால் உள்தண்டின் முனை மரை நசுங்கும். கீழ்க்கால்கள் இறங்கியதும் பழைய எண்ணெயை வடித்து, பஞ்சு துகள் விடாத துணியால் உள்ளே துடைத்து, பஞ்சு வளையங்களைப் புது எண்ணெயில் ஊறவையுங்கள். ஒவ்வொரு காலுக்கும் எத்தனை மில்லிலிட்டர், எந்த எண்ணெய் என்பது மாடலுக்கு மாடல், காலுக்குக் கால் மாறும்; உற்பத்தியாளரின் தளத்தில் உங்கள் ஃபோர்க்கின் வரிசை எண்ணைப் போட்டால் கிடைக்கும். அதிகம் ஊற்றினால் நல்லது என்று நினைக்கக் கூடாது, கால் நிறைந்தால் ஃபோர்க் முழுதாக அமுங்காது. டேம்பரையும் பின் ஷாக்கின் நைட்ரஜன் அறையையும் மட்டும் பணிமனைக்கு விடுங்கள்.

பெட்ரோல் நிலையத்தின் அழுத்த நீர்க்குழாயைச் சீல் மீது காட்டாதீர்கள். தோட்டக் குழாயின் மெல்லிய நீர் போதும். பின் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் சீட்டைப் பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். "டக்" என்றால் ஷாக்கின் புஷ் தேய்ந்திருக்கிறது அல்லது மூட்டுப் பேரிங் காய்ந்திருக்கிறது. அந்தச் சத்தத்தோடு எந்த ஷாக் மாட்டினாலும் பணம் வீண்.

டயரை விட்டுவிட்டு ஃபோர்க்குக்குப் போக வேண்டாம்

சின்ன அதிர்வுகளை முதலில் விழுங்குவது டயர். நெருஞ்சி முள்ளுக்குப் பயந்து ட்யூப்புக்குள் 35 பிஎஸ்ஐ அடித்து ஓட்டும் ஒருவருக்கு எந்த ஃபோர்க்கும் கை வலியைப் போக்காது. 29 அங்குலச் சக்கரத்தில் 2.4 அகல டயரை ட்யூப்லெஸ் ஆக்கி, 75 கிலோ எடைக்கு முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு டயருக்கும் துளையை அடைக்கும் சீலண்ட் திரவம் சுமார் 100 மில்லிலிட்டர் போதும். நம் கோடையில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும் என்பதால் ஆட்டிப் பார்த்து நிரப்புங்கள். முள்ளும் அடைபடும், கையும் தப்பும். அடுத்து பணம் இருந்தால் டிராப்பர் சீட்போஸ்ட், நல்ல பிரேக். சீட்டைத் தாழ்த்த முடிந்தாலே இறக்கத்தில் உடல் நகர இடம் கிடைக்கும். சராசரி ஓட்டுநரின் மிகப்பெரிய சஸ்பென்ஷன் அவருடைய முழங்காலும் முழங்கையும்தான்.

இத்தனைக்கும் பிறகு வாங்குவதென்றால்

முதலில் உங்கள் ஃபிரேமில் அது பொருந்துமா என்று பாருங்கள். புதிய ஃபோர்க்குகள் கிட்டத்தட்ட எல்லாமே கீழே அகன்று மேலே குறுகும் ஸ்டீயரர் குழாயோடும் (ஃபிரேமுக்குள் ஏறும் குழாய்), 15 மில்லிமீட்டர் தடிப்பும் 110 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட அச்சோடும் வருகின்றன. பழைய சைக்கிளில் ஒரே தடிப்புள்ள நேர்க்குழாயும் 9 மில்லிமீட்டர் விரைவு அச்சும் இருந்தால் புது ஃபோர்க் ஏறாது. ஏற்ற வேண்டுமானால் முன்சக்கரமும் மாற வேண்டும். அந்தக் கணக்கில் பழைய சைக்கிளை விற்று, நடுத்தர ஃபோர்க்கோடு வரும் வேறொன்றை வாங்குவதே மலிவு.

டிராவலைக் கூட்டும் ஆசை வரும். 10 மில்லிமீட்டர் கூட்டினால் முன்பக்கம் எழுந்து, ஹெட் ஆங்கிள் (ஃபோர்க்கின் சாய்வுக் கோணம்) ஏறக்குறைய அரைப் பாகை சாயும்; அது பரவாயில்லை. 20, 30 கூட்டினால் ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும், ஃபிரேம் உத்தரவாதமும் போகலாம். பின் ஷாக் என்றால் கண்ணுக்குக் கண் (இரு முனைத் துளைகளுக்கு இடையிலான) நீளமும் தண்டு ஓட்டமும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். 210க்கு 50 உள்ள இடத்தில் 210க்கு 55 மாட்டினால் சில ஃபிரேம்களில் டயர் சீட் குழாயில் இடிக்கும்.

பழையதாக வாங்குகிறவர்கள் மேல் குழாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் கீறல் சீல் கடக்கும் பகுதியில் இருந்தால் வேண்டாம். முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, ஹெட்செட்டில் (ஃபிரேமில் ஃபோர்க் சுழலும் பேரிங்) ஆட்டம் இல்லாமல் கால்களில் மட்டும் ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. நின்று முன்பக்கத்தை அமுக்கும்போது கிரீடத்தில் "கிரீச்" என்றால் குழாய் பொருத்திய இடம் தளர்ந்திருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது, பாகத்தையே மாற்ற வேண்டும். கடைசி சர்வீஸ் ரசீதைக் கேளுங்கள். இல்லை என்றால் முழு சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஸ்டீயரர் குழாயின் நீளத்தையும் அளந்து சொல்லச் சொல்லுங்கள். முந்தைய உரிமையாளரின் ஃபிரேம் சிறியது என்றால் குழாய் ஏற்கெனவே குட்டையாக வெட்டப்பட்டிருக்கும், உங்கள் ஃபிரேமில் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் மாட்ட இடம் மிஞ்சாது.